குரு அடித்த மணி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே உதிரட்டும்.

ஆற்றங்கரை மடம் ஒன்றில் சீடர்களுக்குள் ஓயாத சண்டை. கிணற்றடியில் சண்டை, பந்தியில் சண்டை. மடத்து நிர்வாகம் ஏகாம்பரத்தின் பொறுப்பு. அவன் யோசித்து யோசித்து, முற்றத்தில் ஒரு வெண்கல மணி கட்டினான்.

"நல்லது செய்கிறவர் செய்த கையோடு வந்து மணியடிக்கலாம். எல்லோரும் கூடி வாழ்த்துவோம்."

அவ்வளவுதான். மணிக்கு ஓய்வில்லை. மடத்து ஆலமரத்துக் காக்கைகள் காதுவலி தாங்காமல் குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குக் குடிபோயின. பெருக்கிய இடத்தையே பெருக்கிப் பெருக்கி முற்றம் முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது. இதற்கெல்லாம் மேலே, வைரவன் என்ற சீடன் கூட இருந்த தாண்டவனைக் குளத்தில் தள்ளிவிட்டு, தானே குதித்துக் காப்பாற்றி, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து மணியடித்தான்.

பின்னாலேயே வந்த தாண்டவன் கத்தினான்: "அடப்பாவி, தள்ளினதுக்கும் சேர்த்து அடிடா!"

ஏகாம்பரம் சாவிக்கொத்தோடு குருவிடம் போனான்.

"சாமி, இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். நல்ல குணத்தை வளர்க்கப் பார்த்தேன், நடிப்புத்தான் வளர்ந்தது. நாளைக்கே ஊருக்குப் போகிறேன்."

குரு சாவியை வாங்கவில்லை.

"போகலாம். அதற்கு முன்னால் என்னோடு வா. நான் அந்த மணியை அடிக்க வேண்டும்."

"நீங்களுமா சாமி?"

குரு வாசலில் நின்று தம் பாதக்குறடுகளைக் காட்டினார். "பூசைக்குப் போகும்போது கழற்றுகிறேன். உள்ளே பார்த்துக் கிடக்கின்றன. எனக்கோ முழங்கால் வலி, திரும்பி நின்று மாட்ட முடியாது. ஆனால் நான் வெளியே வரும்போது, தினமும், வெளியே பார்த்துக் காத்திருக்கின்றன. மரக்கட்டை தானாகத் திரும்புமா அப்பா?"

ஏகாம்பரம் தரையைப் பார்த்தான். திருப்பி வைத்தது அவன்தான். யார் கண்ணிலும் பட்டிராது என்று நினைத்திருந்தான்.

பள்ளமாகிப்போன முற்றத்தில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குரு மெல்ல இறங்கினார். சீடர்கள் கூடிவிட்டார்கள்.

"மணியைக் கழற்றிவிடட்டுமா சாமி?" ஏகாம்பரம் கேட்டான்.

"எதற்கு? நல்ல மணிதான். அடிக்க வேண்டியவர்கள், நல்லதைப் பெற்றவர்கள்தான், இன்னும் வரவில்லை. நான் முதல் ஆள்."

குரு கயிற்றை இழுத்தார். ஏகாம்பரம் சாவிக்கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

இதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். ரொம்பக் குடைந்தால், ஊர் மாறிப்போன காக்கை சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.