ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்தக் கடலோர மடத்தின் தையல் கூடத்தில் துணியில் மரம் முளைக்கும். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சைத் துண்டுகளால் ஒரு கிறிஸ்துமஸ் மரம். கட்டங்களை வரிசை வரிசையாக இணைத்தால் குழந்தைப் போர்வை. துண்டுகளை வெட்டக் கெட்டி அட்டையில் அச்சுகள் உண்டு. துணிமேல் அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்ட வேண்டும்.

சொல்லித் தருபவர் சிஸ்டர் ஜாசிந்தா. கற்பவர்களில் மூத்தவள் எஸ்தாக்கி, சிஸ்டரைவிடவும் வயதில் பெரியவள். மீன் கூடை சுமந்த காலமெல்லாம் அவளை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏ மீனு" என்பார்கள், அவ்வளவுதான்.

மலையடிவாரத்துப் பங்குக் கோவிலில் தையல் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். "ஒரு வரிசை மரம் நீங்களே தைச்சுக் காட்டுங்க அக்கா. சரியா வந்தா நீங்களே போகலாம்" என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து யாரோ தன்னை டீச்சர் என்று கூப்பிடுவது எஸ்தாக்கியின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தைத்து முடித்த வரிசையை மேசையில் விரித்தாள். அது நேராகக் கிடக்காமல் ஒரு பக்கமாக வளைந்தது. ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை விலகியது.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த கிளாடிஸ் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மரம் தைக்கச் சொன்னா வள்ளம் கட்டி வச்சிருக்கீங்க?"

"நீ உன் ஊசியில நூலைக் கோர்டி."

சிஸ்டர் வந்து வளைவை விரலால் தடவினார். "எந்த அட்டையில வெட்டினீங்க?"

எஸ்தாக்கி தயங்கினாள். "அட்டையில வெட்டல சிஸ்டர். மாதிரிக்கு நீங்க ஒரு மரம் தந்தீங்கல்லா? அதைப் பிரிச்சு, அந்தத் துண்டுகளை வச்சுத்தான் எல்லாத்தையும் வெட்டினேன்."

"அட்டை பக்கத்துலதானே இருந்தது?"

"அட்டை கடையில வாங்கினது. இது உங்க கை பட்டது. ஒரு மயிரிழைகூட விலகாம வெட்டினேன். பிறகு எப்படிக் கோணிச்சு?"

சிஸ்டர் அந்தத் துண்டுகளை வாங்கி, அட்டைமேல் பொருத்தி வைத்தார். இடது ஓரத்தில், கீழே போகப் போக, நூல் கனத்துக்கு அட்டை வெளியே தெரிந்தது.

"குறையுதே!" என்றாள் எஸ்தாக்கி.

"ஆமா. நான்தான் குறைச்சு வெட்டியிருக்கேன்."

எஸ்தாக்கிக்கு நம்ப முடியவில்லை. "பார்த்தப்ப தெரியலையே?"

"ஒரு மரத்துல தெரியாது."

அவள் வில்லாக வளைந்து கிடந்த தன் வரிசையைப் பார்த்தாள். பிறகு ஒரு யோசனை வந்தவளாக நிமிர்ந்தாள்.

"அப்படின்னா, நீங்க தைக்கிற வரிசை மட்டும் எப்படி நேரா வருது?"

சிஸ்டர் அலமாரியிலிருந்து தான் வெட்டி வைத்திருந்த துண்டுகளில் ஒரு கை அள்ளி அவள் முன்னே வைத்தார். எஸ்தாக்கி ஒவ்வொன்றாக அட்டைமேல் வைத்துப் பார்த்தாள். ஒன்று இடப்பக்கம் குறைந்தது. அடுத்தது வலப்பக்கம் பிதுங்கியது. இன்னொன்று மேலே சிறுத்திருந்தது. ஒன்றே ஒன்று அச்சாகப் பொருந்தியது.

"இதுல பாதிக்கு மேல கோணலா இருக்கே சிஸ்டர்!" வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

சிஸ்டரும் சிரித்தார். "வரிசையா அடுக்கிப் பாருங்க."

அடுக்கினாள். ஒன்றின் குறையை அடுத்தது ஈடுகட்ட, மேசை விளிம்போடு ஒட்டி வரிசை நேராகப் போனது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தாள்.

நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு அந்தப் பங்கிலேருந்து ஜீப் வருது. நான் போகட்டுமா, வேண்டாமா?"

"போங்க அக்கா. அட்டைகளை எடுத்துக்கிட்டுப் போங்க."

எஸ்தாக்கி அட்டைகளை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். கை சட்டென்று நின்றது.

"அங்கே உள்ளவங்க பார்த்துப் படிக்கணுமே. மாதிரிக்கு நீங்க தைச்ச மரம் ஒண்ணு தருவீங்களா?"

"ஒண்ணு வேண்டாம்" என்றார் சிஸ்டர். "நாலஞ்சு எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கமாக் கோணினதாப் பார்த்து எடுங்க."