மூணு தடவை திரும்பி வந்த கேஸ் ஷீட்

"ஏம்மா, இந்தக் கேஸ் ஷீட்டை இன்னும் எத்தனை தடவதான் திருப்பி அனுப்புவே?"

டாக்டர் வைரவநாதன் உள்ளே வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தார். குடல் நோய்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். முப்பது வருஷ சர்வீஸ். ரெக்கார்டு ரூமுக்குள் அவர் கால் வைத்ததே அன்றைக்குத்தான்.

ஜெசிந்தா எழுந்து வணக்கம் சொன்னாள். வயசு இருபத்தொன்பது. டாக்டர்மார் எழுதினதைப் படித்து, வியாதிக்கு உரிய நம்பரைப் போடுகிற வேலை. கோடிங் என்பார்கள்.

"மூணு தடவதான் சார் அனுப்பியிருக்கேன்."

"மூணு தடவையும் ஒரே கேள்வி. வகை என்னன்னு."

"மூணு தடவையும் ஒரே பதில்தான் சார் வந்திருக்கு. 'பார்த்துப் போடவும்'னு."

டாக்டர் அவளை முறைத்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"வெளிய அந்த ஆறுமுகநயினார் நிக்காரு. பஸ் கண்டக்டர். நாளைக்கு அவரை ஏழு மணி நேர வண்டியில போடுறாங்க. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ வெளிய போற மனுஷன். வண்டியை எங்க நிறுத்துவாரு?"

"தெரியும் சார்."

"நான் கொடுத்த சர்ட்டிபிகேட்டை டிப்போவுல திருப்பிட்டான். 'குடல் இயக்கக் கோளாறு, வகை குறிப்பிடவில்லை'ன்னு இருக்காம். இது வயித்துவலின்னு லீவு கேக்குற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்குங்கறான். சாயங்காலத்துக்குள்ள சரியான நம்பரோட தாள் வேணும். போடு."

"எதைச் சார் போட?"

"பேதி அதிகம்னா ஒரு நம்பர், மலச்சிக்கல்னா ஒண்ணு, ரெண்டும் கலந்ததுன்னா ஒண்ணு. எனக்கா தெரியாது? அதுல ஒண்ணைப் போடேன்."

"நீங்க எழுதாததை நான் போடக்கூடாது சார்."

"சரி, நீயே சொல்லு. நான் எழுதுறேன்."

"சொல்லவும் கூடாது சார். நாங்க கேக்கலாம். பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. எங்க வேலையில அதுதான் முதல் சட்டம்."

"நல்ல சட்டம்மா! பதில் தெரிஞ்சவ சொல்ல மாட்டா."

"எனக்கும் தெரியாது சார்."

டாக்டர் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். திரும்ப ஒரு நடை.

ஜெசிந்தா ஃபைலைப் பிரித்து நாலு தாளை உருவினாள். நயினார் நாலு மாசமாக வந்து போன நாலு தடவைக்கும் டாக்டர் எழுதின குறிப்பு. நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் தட்டிச் சேர்த்து, ஜன்னல் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"என்ன சார் தெரியுது?"

"என்ன தெரியுது? ஒரு தாள் தெரியுது."

"நாலு இருக்கு சார்."

டாக்டர் கிட்டே வந்தார். எழுத்துமேல் எழுத்து. வரிமேல் வரி. எடை அறுபத்தெட்டு, அதன்மேல் அறுபத்தெட்டு, அதன்மேலும் அறுபத்தெட்டு. ஒரு புள்ளிகூட விலகவில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் போன தடவை எழுதினது அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு காலையில் நூற்றிருபது பேரைப் பார்க்கிறவருக்கு அது பெரிய ஒத்தாசை.

"நான் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஆளும்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஜெசிந்தா தாளை இறக்கவில்லை.

டாக்டர் அவள் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நயினார் வராந்தாவில் கக்கூஸ் வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது.

"உக்காருங்க நயினார்."

"வேண்டாம் சார். உக்காந்தா உடனே எந்திரிக்கணும். விசில் என் கையில இருந்து என்ன, வண்டி வயிறு சொல்ற இடத்துலதான் நிக்குது. பாசஞ்சர் சிரிக்கான்."

டாக்டரும் கூடவே நடந்தார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க."

"மாத்திரை தீந்துட்டு சார்."

"மாத்திரையைக் கேக்கல. வயித்தைச் சொல்லுங்க."

நயினார் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார். எத்தனை தடவை, எப்படிப் போகிறது, சாப்பிட்டதுமா, சாப்பிடாமலா.

"தூங்கும்போது?"

"அதுதான் சார் பெரிய கொடுமை. ஆளை எழுப்பிவிட்டுருது. ரெண்டு மூணு தடவ."

டாக்டரின் பேனா நின்றது. வெறும் இயக்கக் கோளாறு பெரும்பாலும் தூங்குகிற ஆளை எழுப்பாது. வருஷா வருஷம் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது.

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"வாயெடுத்தேன் சார். நீங்க, 'அதே மாத்திரைதானே, தொடருங்க'ன்னு சொல்லிட்டீங்க. பின்னால ஆள் நிக்கான். இறங்க வேண்டிய இடம் வந்துட்டா இறங்கிரணும்லா."

டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றினார். ஐம்பத்தொன்பது.

"நர்சம்மா ஒவ்வொரு தடவையும் எடையைச் சீட்டுல எழுதிப் பின் பண்ணினாங்களே சார்," என்றார் நயினார், தப்பு தன்னுடையது போல.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க மறுநாளே நாள் குறித்தார். பிறகு ரெக்கார்டு ரூமுக்கு வந்து தாளை நீட்டினார். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

ஜெசிந்தா ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எடை ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. தூக்கத்துல எழுப்புது. சோதனை முடியற வரைக்கும் தொலைதூர வண்டி கூடாது. எல்லாம் இருக்கு சார். வியாதி பேர் மட்டும் இல்ல."

"இல்ல."

"வகை?"

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலம்மா. நாலு மாசமா தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். தெரியலன்னு எழுதினா டிப்போவுல வாங்குவானா? அதுக்கெல்லாம் உங்கிட்ட நம்பர் இருக்காது."

ஜெசிந்தா கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தாள். எடை குறைந்ததற்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, அறிகுறிக்கே உரிய இரண்டு நம்பரைத் தட்டினாள். சர்ட்டிபிகேட் பிரிண்டரில் வந்து விழுந்தது. சீல் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் தெரியலங்கறதுக்கும் நம்பர் உண்டா?"

"எப்பவும் உண்டு சார். உங்க டிப்பார்ட்மென்ட்டுல இருந்து இன்னைக்குத்தான் முதல் தடவையா வருது."