நாலு நிமிஷம்

தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. ரயிலில் கார்டாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். ஒலிப்பதிவு மிக்சிங் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் அவருக்கு வாய்த்த குரு எஸ்தருக்கு முப்பத்தொன்று. மகள் வயதுக்காரியிடம் திட்டு வாங்குவதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்ததில்லை. அன்றைக்கு வந்த கோபம் வேறு.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிட்டுப் போகுது, கேட்டீங்களா மேடம்?"

எஸ்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிலோமினா டீச்சர் போன மாதம் இறந்துபோனார். நாளை மாலை சர்ச்சில் நினைவுக் கூட்டம். டீச்சர் தன் வீட்டுப் பியானோவில் வாசித்த பழைய பதிவு பாதிவரை ஒலிக்க வேண்டும். மீதியை, அதே இசையை கீபோர்டில் வாசித்த மகள் ஷீபாவின் பதிவு தொடர வேண்டும். ஒட்டிய இடம் தெரியக்கூடாது. தேவசகாயம் ஒட்டி முடித்துப் போட்டுக் காட்டியதும் ஷீபா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "இது எங்கம்மா இல்ல. இப்படின்னா நாளைக்குப் போடவே வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

"மூணு நாள் உட்கார்ந்தேன். டீச்சரோட பியானோ சுருதியில அரைக் கட்டை இறங்கிக் கிடந்தது. ஏத்தினேன். வேகமும் ஒரு சீரா இல்ல. ஒரு இடத்துல நிக்கிறாங்க, ஒரு இடத்துல ஓடுறாங்க. எல்லாத்தையும் சமமாக்கிப் பொண்ணோட வேகத்துக்குக் கொண்டு வந்தேன். கம்ப்யூட்டர்ல பாருங்க. சுருதியும் சரி, வேகமும் சரி. இன்னும் என்னதான் வேணுமாம்? மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டுப் போகுது."

"வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்று எஸ்தர் எழுந்தாள்.

தெருமுனையில், தினமும் போகிற கடை. தேவசகாயத்தின் வலது முட்டி ஆபரேஷன் செய்தது. எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரே சீராக நடந்தாள். வாசலில் மூன்று படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அவர் நின்று காலை ஊன்றுவார்; எஸ்தரும் கூடவே நிற்பாள். அன்று நிற்க விடவில்லை. சமதரையில் அவர் எட்டி நடக்கப் பார்த்தபோது அதற்கும் விடவில்லை. கடைக்கு வருவதற்குள் முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

"என் கால் தெரிஞ்சும் இழுத்துட்டு வர்றீங்களே. நியாயமா இது?"

"நேத்து இங்க வர நாலு நிமிஷம் ஆச்சு. இன்னைக்கும் நாலு நிமிஷம்." கடிகாரத்தை அவர் முன்னால் நீட்டினாள். "சரியாத்தானே இருக்கு?"

"நேரம் சரி மேடம். நடந்தது நான் இல்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"அப்போ எப்படித்தான் ஒட்டறது? ரெண்டு பேருக்கும் ரெண்டு சுருதி, ரெண்டு வேகம். யாரையாவது நகர்த்தித்தானே ஆகணும்?"

"தினமும் நான் அந்தப் படியில எதுக்கு சார் நிக்கிறேன்? எனக்கென்ன கால்வலியா?"

அவர் டீயை வாங்கிக்கொண்டார்.

"ஷீபாவைக் கூப்பிடுங்க. கீபோர்டை அரைக் கட்டை இறக்கிக் கொடுங்க. அம்மாவோட பழைய பதிவை மாத்தாம அப்படியே போடுங்க. அதைக் கேட்டுட்டே வாசிக்கட்டும்."

"அவ்வளவு பேசிட்டுப் போன பொண்ணு. நான் கூப்பிட்டா வருமா?"

"கூப்பிட்டுப் பாருங்க. டீச்சரைத்தான் இனிமே கூப்பிட முடியாது."