வால்ட்ஸ் அரங்கின் நடுவிடம்

இந்தக் கதையைச் சேவியர்ராஜ் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் ரயில்வே காலனியில் அவருக்கு நடனம் கற்றுத்தந்த லோர்னா மேடம். வியன்னா வால்ட்ஸ் என்னும் வேகமான ஜோடி நடனத்தின் முதல் வகுப்பில், காலை எப்படி வைப்பது என்று சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வார்.

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் பேசிக்கொண்டிருந்தபோது, வடக்கே ஒரு மலை ஏரியில் ஆணும் பெண்ணுமாய் இரண்டு அன்னங்கள் இருந்தன. ஏரி நடுவே நாணல் திட்டு. அதில் அவற்றின் முட்டைகள். அந்த வருடம் குஞ்சு பொரிக்கும் முன்பே பருவம் தப்பிக் கடுங்குளிர் வந்தது. விடிந்தபோது கரையோரத் தண்ணீர் கட்டியாகியிருந்தது. கரையில் நரி குந்தியிருந்தது.

"அவசரமில்லை, அண்ணி," என்றது. "பனி பாதை போட்டு முடியட்டும், வருகிறேன்."

அசையும் தண்ணீர் சீக்கிரம் உறையாது என்று பெண் அன்னத்துக்குத் தெரியும். இருவரும் திட்டைச் சுற்றி ஒருவர் பின் ஒருவராக நீந்தினார்கள். ஆனால் கடந்து வந்த இடம் உடனே இறுகியது. அவர்கள் முதுகு திரும்பிய பக்கமாக நரி ஓர் அடி வைத்துப் பார்த்தது.

அப்போதுதான் அவள் அவனுக்கு எதிரே வந்து, சிறகால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என் முகத்தைப் பார்க்காதீங்க. என் தோளுக்கு மேலே பாருங்க. உங்க முதுகுப் பக்கத்தை நான் பார்த்துக்கிறேன்."

சுழன்றபடியே திட்டைச் சுற்றினார்கள். தண்ணீர் அகலமாகக் கலங்கியது. தலை கிறுகிறுத்தால் எதிர்ப்புறம் சுழன்றார்கள். கல்யாண ஊர்வலமா என்று நரி கேலி செய்தது. பிற்பகலில் அவன் பிடி தளர்வதை, திரும்பிப் பார்க்காமலே அவள் உணர்ந்தாள். அவனையும் சேர்த்து இழுத்துச் சுழன்றாள். மாலையில் தெற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசியது. கரையோரப் பனிக்கட்டி விரிசல் விட்டது. நரி எழுந்து போய்விட்டது.

விறகு பொறுக்க வந்த ஒரு கணவனும் மனைவியும் இதைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போய்க் கூடத்தில் அப்படியே சுழன்று பார்த்தார்கள். அன்று முதல்தான் வால்ட்ஸ் ஜோடிகள் நடுவிடத்தை விட்டுவிட்டு, அரங்கின் ஓரமாகவே சுழன்று வருகிறார்கள். ஒருவர் தோளுக்கு மேலே மற்றவர் பார்க்கிறார்.

பறவைகள் கட்டிக்கொண்டு நீந்துமா என்பதுதான் சேவியர்ராஜின் பழைய சந்தேகம். ஆனால் போன கிறிஸ்துமஸ் விருந்தில், மனைவியோடு ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தவர், மேடத்திடம் வேறொன்றைக் கேட்டார்.

"நாள் முழுக்க அவள் நரியைத்தானே பார்த்தாள், மேடம்? அவன் முகத்தை எப்போது பார்த்தாள்?"