எட்டாம் அறைக்கு வெந்நீர்

மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சிந்தாமணி மூன்று மாதமாக வார்டு ஆயாவாக இருந்தாள். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள் நர்ஸ் ஜெபகனி. சிந்தாமணிக்கு வயது முப்பத்திரண்டு, ஜெபகனிக்கு இருபத்தேழு. இங்கே குருதான் சின்னவள். குரு சிஷ்யையை "அக்கா" என்று கூப்பிடுவாள். சிஷ்யை குருவை "சிஸ்டர்" என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் சிந்தாமணி ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். உதவி நர்ஸ் பயிற்சி. அன்றைக்கு நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தாள், கையெழுத்து மட்டும் போடவில்லை.

"நான் சேரலாமுங்களா சிஸ்டர்?"

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"பாப்பாவை மாமியார் பார்த்துக்கறேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரருதான் சிரிக்கிறாரு. பல்லி செத்துக் கிடந்தாலே கத்துறவ, நீ நர்ஸான்னு கேக்கறாரு."

"கத்துவீங்களா?"

"பல்லிக்கு மட்டுந்தானுங்க. கோழின்னா நானே அறுத்து, கொதிக்கிற தண்ணியில முக்கி, றெக்கையெல்லாம் பிடுங்கிருவேன்." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மனுசங்கன்னாத்தான் ஆகாது. எங்கம்மா போனப்ப நான் கிட்டயே போகலைங்க. ஊர்ப் பொம்பளைங்கதான் குளிப்பாட்டினாங்க. நான் மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சுக்கிட்டேன்."

ஜெபகனி தாளை வாங்கவில்லை.

"கையுறை போட்டுக்கிட்டு எட்டாம் அறைக்கு வெந்நீர் கொண்டு வாங்கக்கா."

எட்டாம் அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. கரண்ட் போயிருந்தது. மின்விசிறிகள் நின்றதும், அதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது.

ஜெபகனி கதவைத் தட்டினாள்.

"உள்ள யாருங்க சிஸ்டர்?"

"மயிலாத்தா பாட்டி."

"அவங்க பதினோரு மணிக்கே இறந்து போயிட்டாங்களே!"

"ஆமா."

மறுபடி தட்டினாள். காத்திருந்தாள். பதில் வந்ததுபோலத் தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"பாட்டி, ஜெபகனி வந்திருக்கேன். கூட சிந்தாமணி அக்காவும் வந்திருக்காங்க. உங்க மகன் ஊர்ல இருந்து வந்துக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள உங்களைத் துடைச்சு விட்டுடறோம்."

தன் பேரை அங்கே சொன்னது சிந்தாமணிக்குப் பிடிக்கவில்லை. வெந்நீர் அண்டாவைக் கட்டிலோரம் வைத்துவிட்டுச் சுவரை ஒட்டி நின்றாள். பாட்டியின் கண்கள் மூடியிருந்தன. வாய் மட்டும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல லேசாகத் திறந்திருந்தது.

"இடப் பக்கமாத் திருப்பப் போறேன் பாட்டி."

திருப்பினாள். கட்டிலிலிருந்து ஒரு நீளமான பெருமூச்சு வந்தது.

சிந்தாமணி வாசற்படிக்குப் போயிருந்தாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

"மூச்சு விட்டாங்க சிஸ்டர்!"

"உள்ள மிச்சமிருந்த காத்து அக்கா. திருப்பினா வரும்."

"வெறும் காத்துங்களா?"

"நீங்க கேட்ட சத்தத்தைத்தான் நானும் கேட்டேன்."

"எனக்கு ஆகாதுங்க. நான் போறேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"சரிக்கா. கதவை மெதுவாச் சாத்துங்க. பாட்டிக்குச் சத்தம் ஆகாது."

ஜெபகனி துண்டை அண்டாவில் முக்கிப் பிழிந்தாள். ஆவி குப்பென்று எழுந்தது. துண்டை அப்படியே பாட்டியின் முகத்துக்குக் கொண்டு போனாள்.

"சிஸ்டர்! சுடும்!"

வாசற்படியிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்து சிந்தாமணி துண்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆவி பறக்குது, அதைக் கொண்டுபோய் முகத்துல வைக்கிறீங்களே! பாப்பாவுக்கு நான் இப்படி ஊத்தினா மாமியார் என்னை உரிச்சுருவாங்க." கையில் உறை இருந்ததால் முழங்கையை அண்டாவில் வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று எடுத்தாள். மூலையில் இருந்த குடத்திலிருந்து பச்சைத்தண்ணீர் ஊற்றி விளாவினாள். மறுபடி முழங்கையை வைத்தாள். இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள்.

"இப்பத் துடைங்க."

"நீங்களே துடைங்கக்கா."

துடைத்தாள். நெற்றி, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, ஒவ்வொரு விரல் இடுக்கு. பாட்டியின் கை சில்லென்று இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கழுத்தைத் தூக்கறேனுங்க பாட்டி. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. தலை சீவிரலாமா? மகன் வர்றாருல்ல."

யாரோ பேசுவதாக நினைத்தாள். அது அவள் குரல்தான்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியதும் பாட்டியின் நரைமுடி தானாக எழுந்து அசைந்தது. சிந்தாமணி அதை ஒதுக்கிக் காதோரம் செருகினாள்.

கதவைச் சாத்தும்போது ஜெபகனி, "வர்றோம் பாட்டி," என்றாள். சாத்திய பிறகு உள்ளே கட்டில் ஒருமுறை கிரீச்சென்றது. சிந்தாமணி நின்றாள். ஓடவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால் ஆகியிருந்தது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்தாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலைங்களே சிஸ்டர். நான் சேரலாமுங்களா?"

ஜெபகனி கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"சுடும்னு கத்தினீங்களே அக்கா. யாருக்கு?"

சிந்தாமணி அவளிடம் பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் முழங்கையில் ஈரம் இன்னும் காயவில்லை.