அத்திப் பலகை

தையல்நாயகி அன்றைக்குக் கோயிலுக்கு வந்தது சாமி கும்பிட இல்லை. தன் பக்கம்தான் நியாயம் என்று யாராவது ஒருவர் வாயால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாள். அப்படி வருகிறவர்களின் முகத்திலேயே அது எழுதி ஒட்டியிருக்கும். உமையம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து புல்லைச் செதுக்கத் தொடங்கினார்.

கொள்ளிடக் கரையில் இருக்கிற சின்னச் சிவன் கோயில் அது. நாலு வருஷமாகத் திருப்பணி. கருவறையைச் சாத்தி, பாலாலயம் செய்து, சாமியை ஒரு மரப் பலகையில் எழுந்தருளப் பண்ணி வெளி மண்டபத்தில் வைத்திருந்தார்கள். திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகிறவரை அந்தப் பலகைதான் சாமி. ஆறு மாதத்தில் முடித்துவிடுவோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். கோபுரத்துச் சாரம் நாலு மழைக்காலம் பார்த்துவிட்டது. பூசை, நைவேத்தியம், வேண்டுதல், அழுகை எல்லாம் அதுவரை பலகைக்குத்தான் நடந்தன.

உமையம்மைக்கு வயது முப்பத்தேழு. பிரகாரத்தில் புல் செதுக்கும் உழவாரப் பணிக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். உழவாரத்தம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். உபதேசம் எல்லாம் செய்ய மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அதுவும் மனசு வைத்தால். நாயகி அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். கணவன் மகாலிங்கம் மாரடைப்பில் இறந்த சமயத்தில் இங்கே வந்து உட்கார்ந்தவள், இவரையே குருவாக வரித்துக்கொண்டாள். உமையம்மை அவளை அக்கா என்பார். அவள் இவரை அம்மா என்பாள். இருவருக்கும் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"ஒருத்தி, நல்லா இருக்குற மூஞ்சியைத் தானே போயி அறுத்துக்கப் போறேங்குறா. கூட இருக்குறவ பாத்துக்கிட்டு சும்மா இருக்கலாமா?"

"யாரு?"

"வேதா."

வேதவல்லி நாயகியின் நாத்தனார். அதற்கு முன்னால் தோழி. கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு. தோழி வீடு, தோழி வீடு என்று போய்வந்துதான் நாயகி அவள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நாலு பேர் முன்னால் வேதா அவளை அண்ணி என்பாள், தனியே இருந்தால் வாடி போடிதான். வேதாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சீர்காழியில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்துகொண்டு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள்.

"மூக்கை ஆபரேஷன் பண்ணி மாத்திக்கப் போறாளாம். மேடா இருக்குற எலும்பைச் செதுக்கிடுவாங்களாம். தேதியும் வாங்கிட்டா. துணைக்கு வர்றியாடின்னு என்கிட்டயே கேக்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நாயகி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"நாப்பத்தாறு வயசுல யாருக்குடி காட்டப் போறேன்னு கேட்டேன்."

உமையம்மையின் களைக்கொட்டு நின்றது.

"அதுக்கு அவங்க?"

"டாக்டர் சீட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. உள்ள போயி எனக்கு மோர் கொண்டாந்து குடுத்தா."

சொல்லும்போதே, தான் கேட்டது எவ்வளவு கேவலமான கேள்வி என்று நாயகிக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"உங்க தோழி எப்படி இருப்பாங்கக்கா? நான் பாத்ததில்லையே."

நாயகியின் முகம் மலர்ந்தது.

"மூக்கு நல்லா எடுப்பா இருக்கும்மா. நடுவுல லேசா மேடு தட்டி, அப்படியே அவருக்கு இருந்த மாதிரி. தாடையும் அவர் தாடைதான். சிரிச்சா இடது பக்கம் உதடு கொஞ்சம் மேல ஏறும், அதுவும் அவருக்கு அப்படித்தான். சாப்பிடுறப்ப ஒருக்களிச்சு உக்காருவா. பக்கவாட்டுல பாத்தா அவரே உக்காந்து சாப்பிடுற மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ வீட்டுல போயி ஒரு வேளை சாப்பிட்டு வந்தாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும்."

"நான் உங்க வீட்டுக்காரரைக் கேக்கலக்கா."

நாயகி தடுமாறினாள்.

"நல்ல உயரம்..." என்று ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எல்லோருமே உயரம் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். மறுபடி யோசித்தாள். பிறகு கோபம் வந்தது.

"இருபத்தெட்டு வருஷப் பழக்கம்மா. எனக்குத் தெரியாதா அவளை?"

"சொல்லுங்க."

நாயகி விரலில் சுற்றிய தலைப்பை அவிழ்த்துவிட்டாள். உமையம்மை கையைக் கழுவிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். பூக்கூடையை எடுத்து அவளிடம் நீட்டினார். நாயகி வழக்கம்போலப் பலகைக்கு அரளிப்பூ சாத்தினாள்.

"நாலு வருஷமா பூ போடுறீங்க. இது என்ன மரம்?"

"சாமிம்மா இது."

"மரம் என்னன்னு கேட்டேன்."

நாயகி பலகையைப் பார்த்தாள். மேலே வரைந்திருந்த லிங்கம் தெரிந்தது. சந்தனம், எண்ணெய்ப் பிசுக்கு, பூ. மரம் கண்ணில் படவில்லை.

"தெரியலம்மா."

"அத்தி," என்றார் உமையம்மை. "ஞாயித்துக்கிழமை போவீங்கல்ல? அவங்ககிட்ட மட்டுமே இருக்குற ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேதா வத்தக்குழம்பு வைத்து அப்பளம் பொரித்திருந்தாள். அன்றைக்குக் கேட்ட பேச்சு காதிலேயே விழாதவளைப் போல இலையைப் போட்டாள். பரிமாறி முடித்து, ஜன்னலைப் பார்த்தபடி ஒருக்களித்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

நாயகி தன் இலையை இழுத்துக்கொண்டு அவளுடைய அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். வேதா சற்றே திரும்பினாள். நாயகியும் நகர்ந்தாள்.

"என்னடி இது, குரங்கு மாதிரி அங்கயும் இங்கயும் தாவிக்கிட்டு?"

"உன்னைப் பாக்குறேன்டி."

வேதாவின் முன்தலையில் நரை இறங்கியிருந்தது. கண்ணாடி அழுத்தி அழுத்தி மூக்கின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. வலது கண்ணுக்குக் கீழே கடுகளவு ஒரு மச்சம். கல்லூரியில் 'எறும்பு ஊருதுடி' என்று அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தவளே நாயகிதான். அந்த மச்சத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

"இங்க உனக்கு ஒரு மச்சம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு இல்லடி. இருக்கு."

"நீ ஏன் எப்பவும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காருற?"

வேதா குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்து முடித்தும் பிசைந்தாள்.

"நேரா உக்காந்தா உனக்கு அண்ணன் தெரியாதே."

நாயகி எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டாள்.

"அப்பவே தேதி வாங்கியிருந்தேன்டி," என்றாள் வேதா. "அண்ணன்தான் டாக்டரை விசாரிச்சுக் குடுத்துச்சு. உன்கிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன். நீ சிரிப்பேன்னு பயம். அப்புறம் அண்ணன் போயிடுச்சு. பதினாறு முடிஞ்சும் உனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. ஒருநாள் இதே இடத்துல நான் சும்மா ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து சாப்பிட்டேன். நீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு ரெண்டு கரண்டி சோறு சாப்பிட்ட. சரி, இது கொஞ்ச நாள் இப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு தேதியை வேணாம்னுட்டேன்."

"நாலு வருஷமாடி?"

"நாலு வருஷந்தான்."

வேதாவுக்கு அழுகை எதுவும் இல்லை. மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல கிளின்னு கூப்பிட்டாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க மூணு பேரும் போயி லெட்டர் போடுறோம்னாங்க. இதே மூக்கு அண்ணனுக்குன்னா கம்பீரம்னாங்க. எல்லாம் பழகிப்போச்சுடி. ஆனா கதவைத் திறந்தா நீ என்னைத் தாண்டி யாரையோ பாக்குற பாரு, அது மட்டும் பழகல."

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு நீ வர வேணாம். அன்னிக்கு ஏதோ வாய் தவறிக் கேட்டுட்டேன். உனக்கு அது அண்ணன் ரெண்டாவது தடவை போற மாதிரி."

நாயகியின் வாயில் மன்னிப்பும் வரவில்லை, வருகிறேன் என்ற வார்த்தையும் வரவில்லை. இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அந்த நேரத்தில் வேதாவுக்குக் கொடுக்க அவளிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் உமையம்மை பிரகாரத்தின் வடக்கு மூலையில் இருந்தார். நாயகியும் ஒரு களைக்கொட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு மச்சம்மா. வலது கண்ணுக்குக் கீழ."

"ம்."

மற்றதையும் சொன்னாள். ஒருக்களித்து உட்கார்ந்த கதையைச் சொல்லும்போது களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத்தனையும் தெரிஞ்சப்புறமும் எனக்கு அந்த மூக்கு வேணும்னுதாம்மா இருக்கு. அவ போகாம இருந்துடக்கூடாதான்னு இருக்கு. நான் மனுஷியே இல்லையாம்மா?"

"இருக்கும்க்கா. அப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"அவங்க துணைக்குக் கேட்டது உங்களை."

உமையம்மை அடுத்த கல்லிடுக்குக்கு நகர்ந்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு நாயகி போனாள். வர வேண்டாம் என்று சொன்னவள் வாசலில் இவளையும் இவள் தோளில் கிடந்த துணிப்பையையும் பார்த்துவிட்டு ஆட்டோவில் நகர்ந்து இடம்விட்டாள். ஆபரேஷன் நடந்த இரண்டு மணி நேரமும் நாயகி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் பக்கத்தில் இருந்தது வேதாதான். அண்ணனைப் பறிகொடுத்தவள் அன்று இவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் அழ வேண்டியவள் என்று அன்றைக்கு நாயகிக்குத் தோன்றவே இல்லை.

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். முகம் வீங்கி, கண்ணுக்கடியில் நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினாள். வேதா அதை வாங்கவில்லை. நாயகியைத்தான் பார்த்தாள்.

"எப்படிடி இருக்கேன்?"

நாயகி பார்த்தாள். அந்த மேடு இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் அவள் கண் தானாகத் தேடியது. தாடை இருந்தது, உதடு இருந்தது, அவர் இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்ததை அவள் பார்க்கவில்லை, அப்போது வெளியே உட்கார வைத்திருந்தார்கள். இந்தத் தடவை கண்ணெதிரே போனார். வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. வேதா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயகி குனிந்து, வீக்கத்துக்கு நடுவே விரல் படாமல் சுட்டினாள்.

"எறும்பு ஊருதுடி."

வேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காதடி, வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அண்ணன் இறந்த பிறகு அவள் அழுது நாயகி பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் கும்பாபிஷேகம். யாகசாலை, மேளம், அன்னதானம் என்று ஊரே திரண்டு வந்திருந்தது. பலகையில் இருந்த சாமியைக் கலசத்தில் எழுந்தருளச் செய்து, மறுபடி கருவறைக்குக் கொண்டுபோனார்கள். கதவு திறந்தது. நாலு வருஷம் இந்தக் கோயிலே கதியென்று கிடந்த நாயகி, அன்றைக்குத்தான் முதன்முதலாக மூலவரைப் பார்த்தாள். கருத்த சின்னக் கல். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவளும் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, பழக்க தோஷத்தில் பூக்கூடையோடு வெளி மண்டபத்துக்கு வந்தாள். பலகையை ஒரு தூணில் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் விளக்கு இல்லை. உமையம்மை பக்கத்தில் உட்கார்ந்து, கந்தல் துணியால் அதன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாயகி நின்றாள்.

"வேதா எப்படி இருக்காங்க?"

"வீக்கம் வடிஞ்சிருக்கும்மா. நேத்து நேரா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டா."

"நீங்க?"

"எனக்குத்தான் இறங்கல. அவளுக்குத் தெரியாம மடியில துணியை விரிச்சுச் சோத்தை எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

உமையம்மை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சாமி அவரோட கல்லுக்கே திரும்பப் போயிட்டாரு," என்றாள் நாயகி. "என் வீட்டுக்காரருக்கு எந்தக் கல்லும்மா இருக்கு?"

உமையம்மையின் கை நின்றது. பதில் இருந்து சொல்லாமல் இருக்கிறாரா, இல்லாமலே இருக்கிறாரா என்று நாயகி அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லாமல்தான் இருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நாயகி கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துடைத்த இடத்தில் வரைந்த லிங்கம் மங்கி, அடியில் மரத்தின் ரேகை வெளுப்பாகத் தெரிந்தது. அவள் அதை விரலால் தடவினாள்.

"இதை இனிமே என்ன பண்ணுவீங்க?"

உமையம்மை துணியை உதறி மடித்தார்.

"நாலு வருஷம் சாமியா நின்னுச்சுக்கா. இனிமே அத்தியா இருக்கட்டும்."