ஃபிரிட்ஜு ஏன் நடுநடுவுல மூச்சடக்குது

கோழியும் ஃபிரிட்ஜும் ஒரே பாஷை பேசிக்கிட்ட காலத்துல, ஃபிரிட்ஜுக்கு நிறுத்தவே தெரியாது. ராப்பகலா உர்ருனு ஓடும். அதுல அதுக்கு ஒரு பெருமை வேற.

நாப்பது வீட்டுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். சாயங்காலம் ஆறு மணியானா எல்லாம் ஒண்ணா கரண்டை இழுக்கும், கம்பி கொதிக்கும். டிரான்ஸ்பார்மர் யோசிக்கவே யோசிக்காது. கடைசிச் சந்துக்குப் போற கரண்டை வெட்டி விட்டுரும். அங்கதான் செவலைக் கோழி இருந்துச்சு. மழை மாசம். பொரிஞ்சு மூணு நாளே ஆன இருபத்தெட்டுக் குஞ்சு, ஒரு குண்டு பல்பு சூட்டுல உயிர் பொழச்சுக் கெடந்துச்சுங்க. செவலையோட றெக்கைக்குள்ள பத்துதான் அடங்கும்.

ஒரு ராத்திரி பல்பு அணைஞ்சு, குளிர்ல ரெண்டு குஞ்சு விறைச்சுப் போச்சு. மறுநாள் செவலை நேரா டிரான்ஸ்பார்மர் முன்னாடி போய் நின்னுச்சு.

"என்ன பண்ணச் சொல்ற ஆத்தா, யாராவது விட்டுக்குடுக்கணும்ல"னு இழுத்துச்சு அது.

"அந்த யாராவது எப்பவும் நாங்கதானா? ஒத்தச் சந்துல வெளக்க அணைச்சு என்னத்தக் கிழிச்ச? யாரால காத்திருக்க முடியும்னு ஒரு வாட்டியாவது கேட்டியா?"

அது கேட்டதே இல்ல. அதனால செவலையே வீடு வீடா ஏறிக் கேட்டுச்சு, அரை மணி நேரம் நின்னா உனக்கு என்ன போகும்னு. ஏசி மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மாடி வீட்டு ஃபிரிட்ஜு, நான் நின்னா பால் திரிஞ்சுரும், ஊரே காறித் துப்பும்னு நீட்டி முழக்குச்சு.

"வயிறு முட்டக் குளிர வச்சுக்கிட்டு ஒப்பாரி வைக்காத. கதவ சாத்திக்கிட்டு நின்னுதான் பாரேன். பால் திரிஞ்சா என்னைய அடிச்சுக் கொழம்பு வை."

ரோஷம் பொத்துக்கிட்டு வந்து ஃபிரிட்ஜு மூச்ச அடக்குச்சு. அதப் பாத்து நாப்பது வீட்டு ஃபிரிட்ஜும் அடக்குச்சுங்க. சந்துல பல்பு எரிஞ்சுது. ஆனா அரை மணி கழிச்சு நாப்பதும் ஒரே மூச்சுல திரும்ப இழுக்கவும், கம்பி கொதிச்சு மறுபடி இருட்டாயிருச்சு.

செவலை விடல. நாப்பதையும் நாலு கூட்டமாப் பிரிச்சுச்சு. ஒரு கூட்டம் நின்னு எந்திரிச்ச பொறவுதான் அடுத்தது நிக்கணும்னு கறாரா சொல்லிருச்சு. ஒரு வீட்லயும் பால் திரியல. மிச்ச இருபத்தாறு குஞ்சும் மழை விடறதுக்குள்ள றெக்கை முளைச்சு ஓடுச்சுங்க.

அன்னிக்குப் புடிச்ச பழக்கந்தான், இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கிற ஃபிரிட்ஜு திடீர்னு மூச்சடக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு உலுக்கு உலுக்கிட்டு எந்திரிக்கும். ரிப்பேர்னு நெனச்சுத் தட்டாதீங்க. எங்கயோ ஒரு கடைசிச் சந்துக்கு அது வழி விட்டுட்டு நிக்குது.